லேமினேட் செய்த சான்றிதழும் விடுபட்ட ஓர் எழுத்தும்: வலங்கைமானிலிருந்து துபாய்க்குக் குடிபெயர்ந்த கதை

2023 பிப்ரவரியில், கும்பகோணத்தில் உழவன் விரைவு ரயில் ஏறி, இரவெல்லாம் கண்ணயராமல் சான்றிதழ்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு எழும்பூரில் இறங்கி, முகம் கழுவிய கையோடு, நம் சான்றிதழ்கள் வெளிநாட்டில் செல்லுபடியாக முத்திரை வைத்துத் தரும் அட்டெஸ்டேஷனுக்கு ஆவணம் வாங்கும் மையத்தில் போய் நின்றேன். என் முறை வந்ததும் கவுன்ட்டரில் இருந்த பெண் எங்கள் திருமணச் சான்றிதழை எடுத்து இரு விரல்களால் லேசாக வளைத்துப் பார்த்தார். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மொடமொடத்தது. ‘லேமினேட் செய்ததை வாங்குவதில்லை அம்மா, முத்திரையை எங்கே வைப்பது?’ என்று கேட்டுவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த அரை நிமிடத்திற்காக நான் இழந்தது இரண்டு இரவுத் தூக்கம், ரயில் கட்டணம், ஆட்டோ கட்டணம், அம்மாவிடம் விட்டுவந்த பிள்ளைகளின் ஒரு நாள்.

சான்றிதழ் கிடைத்த அன்றே, அது கசங்கிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில், கும்பகோணத்து ஜெராக்ஸ் கடையொன்றில் நாற்பது ரூபாய் கொடுத்து லேமினேட் செய்தவள் நானேதான். நம் பக்கத்தில் எந்தச் சான்றிதழ் கைக்கு வந்தாலும் முதல் வேலையாக அதைத்தான் செய்கிறோம். வெளிநாட்டுக்குப் போகும் தாள்களில் முத்திரைகளும் ஒட்டுவில்லைகளும் பெரும்பாலும் பின்பக்கத்தில் விழுகின்றன. பிளாஸ்டிக்கின்மேல் அவை நிற்பதில்லை. சூடு காட்டிப் பிரித்துத் தருவதாகச் சொல்லும் கடைகளை நம்ப வேண்டாம். மையெழுத்து பிளாஸ்டிக்கோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். நான் மீண்டும் சார்பதிவாளர் அலுவலகத்திற்குப் போய், சான்றிட்ட நகல் ஒன்றைப் புதிதாக வாங்கித்தான் மேலே நகர முடிந்தது. தாளை ஒரு தெளிவான கோப்புறையில் போட்டு வைத்தாலே போதும்.

என் கணவர் ஒன்பது ஆண்டுகளாகத் துபாயில் வேலை பார்க்கிறார். மகள் ஆறாம் வகுப்புக்குப் போகும் வயதை எட்டியதும், இனியும் ஆண்டுக்கு ஒரு மாதம் அப்பாவைப் பார்க்கும் வாழ்க்கை வேண்டாம் என்று முடிவு செய்தோம். அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள, மாதச் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது நிறுவனம் தரும் வீட்டுடன் 3,000 திர்ஹம் இருக்க வேண்டும். அதில் எங்களுக்குச் சிக்கல் இருக்கவில்லை. சிக்கலெல்லாம் இங்கே, மூன்று தாள்களில் இருந்தது: திருமணச் சான்றிதழ், இரு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். இவை மூன்றும் மாநில அரசின் சான்றொப்பம், மத்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று படிப்படியாக முத்திரை பெற்றுவர வேண்டும்.

நாங்கள் முதலில் விசாரித்த ஏஜென்ட் ஒரு தாளுக்கு 9,000 ரூபாய் வீதம் 27,000 ரூபாய் கேட்டார். அதைவிட வருத்தம் தந்தது, ‘அபோஸ்டில் சேர்த்துச் செய்துதருகிறோம்’ என்று அவர் சொன்னது. அபோஸ்டில் என்பது ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே செல்லும் ஒற்றை முத்திரை. இந்தியா 2005 முதல் அதில் இருக்கிறது. வளைகுடாவில் ஓமனும் பஹ்ரைனும் இருக்கின்றன, சவூதி அரேபியா 2022 டிசம்பரில் வந்து சேர்ந்தது. நாங்கள் போகவிருந்த அமீரகமோ அதில் சேரவில்லை. ஆகவே துபாய்க்குப் போகிறவருக்கு அபோஸ்டில் வீண்செலவு. மஸ்கட்டுக்குப் போகிறவருக்குத் தூதரக முத்திரை வீண்செலவு. இந்த ஒரு வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். வெளியுறவு அமைச்சகம் தனியாரிடம் நேரில் தாள் வாங்குவதில்லை. அது நியமித்திருக்கும் நிறுவனங்களின் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அந்த நிறுவனங்களின் பட்டியல் அமைச்சகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. இடையில் இன்னொரு கை வேண்டாம் என்று நேரடியாக அங்கே கொடுத்ததில், எங்களுக்கு ஏஜென்ட் கேட்டதில் ஏறக்குறைய பாதித் தொகையோடு முடிந்தது.

ஆனால் அந்தக் கட்டத்தை அடைவதற்குள் பட்ட பாடு பெரிது. மகள் 2012-இல் தஞ்சாவூரில், என் தாய்வீட்டுப் பிரசவத்தில் பிறந்தவள். அவளுடைய பிறப்புச் சான்றிதழைப் பதினோரு ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்த்தபோதுதான், குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்ததைக் கண்டேன். மருத்துவமனையில் பிறப்பைப் பதிந்ததோடு சரி. பெயர் வைத்த பிறகு யாரும் போய்ச் சேர்க்கவில்லை. நாங்கள் குடியிருப்பது வலங்கைமானில் என்பதால் முதலில் எங்கள் ஊர் அலுவலகத்திற்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர், பிள்ளை எங்கே பிறந்தது என்று கேட்காமலே விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். ஒரு வாரம் கழித்துப் போனால், ‘இது தஞ்சாவூரில் பதிந்த பிறப்பு, எங்களிடம் பதிவேடு இல்லை’ என்று அதே விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார். பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் அதன் பதிவேடு இருக்கும். முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

பாபநாசம் வழியாகப் பேருந்தில் தஞ்சாவூர் போய், பள்ளிச் சான்று, பெற்றோர் இருவரின் அடையாள அட்டை, உறுதிமொழி ஆகியவற்றைக் கொடுத்ததில் அங்கே வேலை சுலபமாக முடிந்தது. பிறப்பைப் பதிந்து ஓராண்டுக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணமே இல்லை. அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு பதினைந்து ஆண்டுகள் வரை சேர்க்கலாம். ஒரு முறை சேர்த்த பெயரைப் பின்னால் மாற்றித் தர மாட்டார்கள் என்பதால், ஆங்கில எழுத்துகளைப் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொடுங்கள்.

இந்த அறிவுரையை நான் மகனின் சான்றிதழில் கற்றேன். அவன் கும்பகோணத்தில் பிறந்தவன். பெயர் முறையாகப் பதிவாகியிருந்தது. அவனுடைய தாயின் பெயரில்தான் கோளாறு. வசந்தி என்ற என் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டி’க்குப் பின் ‘எச்’ போடுவது நம் வழக்கம். பாஸ்போர்ட்டிலும் ஆதாரிலும் அப்படியே இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் அந்த ‘எச்’ இல்லை. தமிழில் படித்தால் எழுத்துப் பிசகில்லாமல் வசந்தி என்றிருக்கிறது. ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அது வேறொரு பெண்ணின் பெயர். மையத்தின் கவுன்ட்டரில் இது கண்ணில் பட்டிருந்தால் மறுபடியும் ஒரு சென்னைப் பயணம். துபாயில் கண்ணில் பட்டிருந்தால் தாளைத் திரும்ப இந்தியாவுக்கு அனுப்பி, திருத்தி, எல்லா முத்திரைகளையும் முதலிலிருந்து வாங்க வேண்டியிருந்திருக்கும். லேமினேட் செய்த தவற்றால் திரும்பி வந்த அந்த வாரத்தில், மூன்று தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, என் மகளை ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படிக்கச் சொல்லி, நான் பாஸ்போர்ட்டில் விரல் வைத்துத் தொடர்ந்தேன். ‘அம்மா, இங்கே எச் காணோம்’ என்று அவள் சொன்னபோது எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. கும்பகோணத்தில் திருத்தம் செய்து புதுச் சான்றிதழ் வாங்க ஆன செலவு, ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவு.

இனிஷியல் வைத்துக்கொள்ளும் நம் வழக்கம் இன்னொரு தொல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டிருப்பவர்கள் நம்மில் ஏராளம். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவிலோ வருகை விசாவிலோ வருவோரை அனுமதிப்பதில்லை என்று அமீரகம் அறிவித்தது. குடியிருப்பு விசா உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை என்றாலும், முதலில் வருகை விசாவில் அழைத்து, அங்கே போனபின் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். என் பாஸ்போர்ட் எப்படியும் அடுத்த ஆண்டு காலாவதியாக இருந்ததால், தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவை மையத்தில் 1,500 ரூபாய் கட்டி, தந்தை பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்துப் புதுப்பித்துக்கொண்டேன். தட்கலுக்கு மேலும் 2,000 ரூபாய் ஆகும். நேரம் இருக்கிறவர்களுக்கு அது தேவையில்லை. மகனுக்கு எட்டு வயது நிரம்புவதற்கு முன்பே முதல் பாஸ்போர்ட் எடுத்துவிட்டதால், 1,000 ரூபாயில் பத்து விழுக்காடு தள்ளுபடியும் கிடைத்தது.

பணம் போனதில் இன்றும் என் மனம் ஆறாதது பள்ளிக் கட்டணம்தான். மார்ச் மாதத்தில், வரும் ஆண்டுக்கான முதல் தவணையைக் கட்டினால்தான் இடம் உறுதி என்று பிள்ளைகளின் பள்ளியில் வற்புறுத்தினார்கள். விசா தள்ளிப்போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தில் இருவருக்கும் சேர்த்து 18,000 ரூபாய் கட்டினேன். மே மாதம் மாற்றுச் சான்றிதழ் கேட்டபோது, ஒரு ரூபாயும் திரும்ப வராது என்றார்கள். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைக் காட்டினார்கள். துபாயில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஏப்ரலிலேயே புது ஆண்டு தொடங்கிவிடுகிறது, இங்கே ஜூனில்தான். ஆகவே போவது உறுதி என்றால் மார்ச் முடிவில் கிளம்பும்படி நாள் பார்த்துக்கொள்ளுங்கள். உறுதியில்லை என்றால், கட்டணத்தைத் திருப்பித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்காமல் கட்டாதீர்கள். மாற்றுச் சான்றிதழில் கல்வி அலுவலரின் மேலொப்பத்தையும், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் ஊரில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவிலிருந்து போகிற குடும்பங்களில் பெரும்பாலோருக்கு நிலம் இருக்கிறது. எங்களுக்கு ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், என் கணவர் பெயரில் இருக்கிறது. குத்தகை, பயிர்க் காப்பீடு, கூட்டுறவுச் சங்க வேலைகள் எல்லாவற்றையும் கொழுந்தனார் பார்த்துக்கொள்ள, என் கணவர் துபாயிலேயே இந்தியத் துணைத் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி அனுப்பினார். அது மேட்டூர் திறந்து குறுவை நாற்று விட்ட சமயத்தில் வந்தது. வேலை மும்முரத்தில் பீரோவில் வைத்ததை, சம்பா விதைப்புக்குப் பிறகுதான் கொழுந்தனார் வெளியே எடுத்தார். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. காலம் கடந்துவிட்டதால் அதைக் கைவிட்டு, அடுத்த விடுமுறையில் அவர் வந்தபோது இங்கேயே எழுதிப் பதிவு செய்தோம். ஊரில் இருக்கும்போதே பதிவு செய்துவிட்டால் இந்த அலைச்சலே இல்லை. முன்பே சொந்தமாக இருந்த நிலத்தையும் வாரிசாக வரும் நிலத்தையும் வெளிநாடுவாழ் இந்தியர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் புதிதாக விளைநிலம் வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. துபாய்ப் பணத்தில் பக்கத்து வயலை வாங்கிப் போடலாம் என்ற எண்ணம் இருந்தால், போவதற்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கிலும் நாங்கள் இதே போலத் தாமதித்தோம். வெளிநாடு போனவர் தம் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வரும் வருமானத்தைப் போட்டுவைக்கும் கணக்காக, மாற்ற வேண்டும் என்பது விதி. என் கணவர் பல ஆண்டுகள் மாற்றாமலே வைத்திருந்தார். என்.ஆர்.ஓ. கணக்கின் வட்டியில் 30 விழுக்காடும் அதன்மேல் செஸ் வரியும் பிடித்துக்கொள்வார்கள். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்தை, வெளிநாட்டு வருமானத்திற்கென்றே உள்ள என்.ஆர்.இ. கணக்கில் போட்டால் அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. குத்தகைப் பணம் ஒன்றில், சம்பளப் பணம் மற்றதில் என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் பிடித்தம் குறைந்தது.

பயணத்திற்குத் திருச்சியிலிருந்தே நேரடி விமானம் இருக்கிறது; குடும்பத்தோடும் மூட்டைகளோடும் சென்னை வரை போகும் செலவு மிச்சம். ஜூன், ஜூலையில் அங்கிருப்பவர்கள் ஊருக்கு வருவதால் அங்கிருந்து வரும் டிக்கெட்டின் விலைதான் ஏறும். நாம் எதிர்த்திசையில் போனால் குறைந்த விலையில் கிடைக்கும். ஆகஸ்ட் கடைசியில் கோடை விடுமுறை முடிந்து அங்கே பள்ளி திறக்கும்போது போக நினைத்தால் இரு மடங்குக்குமேல் கொடுக்க நேரிடும். மிக்சியையும் சிறிய கிரைண்டரையும் தயங்காமல் எடுத்துப் போகலாம். அங்கும் நம்மைப் போலவே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், செருகி மட்டும் மூன்று தட்டைக் கால் உடையது. கண்ணாடி, பல் வைத்தியம் ஆகியவற்றை இங்கேயே முடித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் பெட்டிகளைக் கட்டும்போது மிகக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட போதைப்பொருளாகக் கருதப்படுகிறது. என் மாமியார் அன்போடு வறுத்து அரைத்துக் கட்டித்தந்த குருமாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தார். தற்செயலாக, என்னென்ன போட்டீர்கள் அத்தை என்று கேட்டதால் தெரிந்தது. அவருக்கு முகம் வாடிப்போயிற்று. மறுநாள் கசகசா இல்லாமல் மறுபடியும் அரைத்துத் தந்தார்.

துபாய் போய்ச் சேர்ந்ததும் அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரைக்குத் தாளுக்கு 150 திர்ஹம் கட்டினோம். விசா விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்துதரும் நிலையத்தில் ஒரு மலையாளி இளைஞர், மூன்று சான்றிதழ்களையும் என் பாஸ்போர்ட்டோடு வரிசையாக வைத்து, பேனா முனையால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார். வசந்தி என்ற இடத்தில் பேனா ஒரு நொடி நின்றபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ‘எல்லாம் சரியாக இருக்கிறது சேச்சி’ என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.