கை வைக்காதீங்க பெரியவரே

சென்ற ஆவணியில் என் தம்பியின் திருமணம் குடியாத்தத்தில் நடந்தது. முகூர்த்தப் புடவைக்காக ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் அலைந்து, நகைக்கு இரண்டு நாள், பத்திரிகைக்கு ஒரு நாள் என்று ஓடியதில், மாப்பிள்ளைக்கு வாங்க வேண்டிய கோட் சூட் கடைசி வரை நின்றுபோயிற்று. முந்தின நாள் மாலை வரவேற்பில் மூன்று மணி நேரம் போட்டுக்கொள்ளப்போகும் உடைதானே என்று நாங்களே அதைச் சற்று அலட்சியமாக நினைத்ததும் உண்மைதான். ஆடி பாதி கடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, தம்பி, நான் மூவரும் பள்ளிகொண்டா வழியாகச் செல்லும் பஸ்ஸைப் பிடித்து வேலூருக்குப் போனோம்.

கோட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கடை அது. பெயர் வேண்டாம். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் உள்ளே நுழைவதற்கே நேரம் பிடித்தது. எங்களுக்கு வாய்த்த விற்பனையாளர், கழுத்தில் அளவு டேப்பை மாலையாகப் போட்டிருந்தாரே தவிர, கடைசி வரை அதை எடுத்துத் தம்பியின் மார்பில் வைக்கவே இல்லை. கண்ணாலேயே அளந்து, "40 கரெக்டா இருக்கும் சார்" என்று ஒரு கருநீலக் கோட்டை எடுத்து நீட்டினார். ரெடிமேட் கோட்டில் போட்டிருக்கும் எண் மார்புச் சுற்றளவு அங்குலத்தில் எத்தனை என்பதைச் சொல்வது, தம்பிக்கு 38. அந்த நிறத்தில் 38 கையிருப்பில் இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

போட்டுப் பார்த்தபோது தோள் தையல் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு விரல் அளவுக்குக் கீழே தொங்கியது. "ஆல்டரேஷன்ல பிடிச்சிடலாம்" என்றார். இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், பேன்ட்டின் கீழ்மடிப்பை ஏற்றி இறக்கலாம். தோளைக் குறைப்பதென்றால் கையைப் பிரித்து, உள்ளே வைத்திருக்கும் பஞ்சுப் பட்டையை எடுத்து, ஏறக்குறைய கோட்டையே புதிதாகத் தைக்க வேண்டும். இது எனக்கு இன்று தெரிந்த விஷயம். அன்று தெரிந்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அதுவரை நடந்ததைக்கூட நான் மன்னித்திருப்பேன். எங்கள் அப்பா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குழித்தறியில் கைலி நெய்தவர். எந்தத் துணிக்கடைக்குப் போனாலும் விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து ஒருமுறை தேய்ப்பார். அவருடைய கண் அந்த விரல்களில்தான் இருக்கிறது. அன்றும் அப்படித்தான், "டெரிவுல்" என்று, அதாவது பாலியஸ்டரோடு கம்பளி கலந்த துணி என்று, சொல்லப்பட்ட அந்தக் கோட்டின் ஓரத்தைப் பிடித்தார். தறிக்கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல்கள். உடனே விற்பனையாளர் கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "கை வைக்காதீங்க பெரியவரே, அழுக்காயிடும்" என்றார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். துடைப்பதற்கு அதில் எதுவுமே இல்லை. தம்பி மட்டும், "வா நைனா, வேற கடை பாக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னான். அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். மாலைக்குள் ஊர் திரும்ப வேண்டும், வெயில் மண்டையைப் பிளக்கிறது, இன்னொரு கடையில் மட்டும் தாம்பாளத்தில் வைத்துத் தருவார்களா என்று நான்தான் அவர்கள் இருவரையும் அடக்கி, 8,500 ரூபாய் விலைக்கு 3,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். அதற்கு அவர்கள் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று அச்சிட்ட உள்ளங்கையளவுத் துண்டுச் சீட்டு. பில் கேட்டதற்கு, "டெலிவரி அப்போ தருவோம்" என்ற பதில் வந்தது. அதையும் நம்பினேன்.

பத்து நாளில் தயார் என்றார்கள். பத்தாம் நாள் தம்பி தனியாகப் போனபோது, டெய்லர் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து ரத்தினகிரிக்குப் போயிருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். காவடி எடுப்பவரைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் கடைக்கு ஒரு போன் இருக்கிறது, அந்தச் சீட்டிலேயே எங்கள் எண்ணும் இருக்கிறது. இரண்டாவது முறை போனபோது கோட் கிடைத்தது, பேன்ட் கிடைக்கவில்லை. மூன்றாவது முறை, திருமணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, நானும் கூடப் போனேன்.

இடது கை வலது கையைவிட ஒரு விரல் நீளமாக இருந்தது. மார்பின் மேல் மடிந்து விழும் காலரில் அப்பளம் பொரிந்ததுபோல் சிறு சிறு கொப்புளங்கள். உள்ளே விறைப்புக்காக ஒட்டியிருக்கும் பக்ரம் துணி, சூடு அதிகமான இஸ்திரியில் பசை விட்டுப்போனால் இப்படித்தான் கிளம்பும். கல்லாவில் இருந்தவரிடம் காட்டினேன். அவர் கோட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "போட்டோல தெரியாது சார்" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, சுவரில் மாட்டியிருந்த 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்ற பலகையை விரலால் காட்டிவிட்டு அடுத்தவருக்குக் கணக்குப் போடத் தொடங்கினார்.

பலகையில் எழுதிவிட்டால் அது சட்டமாகிவிடாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதையும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் எதுவும் குறிக்கப்படாதபோது 30 நாட்களுக்குள்ளோ திரும்பப் பெற மறுப்பதையும் நேர்மையற்ற வணிக முறைகளின் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. இவற்றையெல்லாம் திருமணம் முடிந்த பிறகு உட்கார்ந்து படித்தேன். மண்டபத்துக்கு வாழைமரம் கட்ட ஆள் பிடித்துக்கொண்டிருக்கும் வாரத்தில் யார் சட்டம் படிக்கிறார்கள்? கல்யாணத் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளும் கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். மீதி 5,500 ரூபாயைக் கட்டிவிட்டுக் கோட்டை வாங்கி வந்தேன். அப்போதும் பில் தரவில்லை. "சிஸ்டம் வேலை செய்யலை" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து பிரித்தபோது, உள்பையின் ஓரத்தில் தைத்திருந்த சின்னத் துணி லேபிள் கண்ணில் பட்டது. பாலியஸ்டர் 80, விஸ்கோஸ் 20. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அன்னிக்கே தெரியும்ப்பா, அதுல கம்பளி ஒரு இழை கூட இல்ல" என்றார். ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் தெருமுனையில் பள்ளிச் சீருடை தைக்கும் டெய்லர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் கேட்டது, "அன்னிக்கு எந்த ஷூ போடப்போற தம்பி?" என்பதைத்தான். ஷூவைப் போட்டு நிற்கச் சொல்லிப் பேன்ட்டை அளந்தார். உள்ளே போடப்போகும் சட்டையின் கைப்பட்டை அரை அங்குலம் வெளியே தெரியும்படி கோட்டின் வலது கையைச் சரிசெய்தார். இடது கையை முழுதும் சரிசெய்ய முடியவில்லை. கடையில் வெட்டிய வெட்டு கோணலாக இருந்ததால், இன்னும் குறைத்தால் பொத்தான் வரிசை போய்விடும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, 150 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

வரவேற்பு மேடையில் புகைப்படக்காரரிடம் விஷயத்தைக் காதோடு சொல்லிவைத்தேன். ஆல்பம் வந்தபோது, மாலை மாற்றி நிற்பது முதல் சித்தப்பா வீட்டார் மொய்க்கவரோடு நிற்பது வரை எல்லாப் படத்திலும் தம்பியின் இடது கை பேன்ட் பைக்குள்தான் இருக்கிறது. பெண் வீட்டில் மாப்பிள்ளை ரொம்ப ஸ்டைல் என்று பேசிக்கொள்கிறார்களாம்.