ஆணி வைத்து அழுத்திய ரவுட்டர்

மின்சாரம் போய் வந்ததில் பழைய ரவுட்டர் படுத்துவிட்டது. பவர் விளக்கு மட்டும் எரிகிறது, அதன் அமைப்புப் பக்கமான 192.168.1.1 திறக்கவில்லை, 'இருக்கிறாயா' என்று கணினியிலிருந்து கேட்டுப் பார்க்கும் பிங்குக்கும் பதில் இல்லை. தூக்கிப் போட மனம் வரவில்லை.

இந்த மாதிரிப் பெட்டிகளில் ஃபர்ம்வேர் (பெட்டியை இயக்கும் மென்பொருள்) கெட்டாலும், அதைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலான பூட்லோடர் தனியிடத்தில் பிழைத்திருக்கும். ரீசெட் பொத்தானை ஊசியால் அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், என்னுடைய ரவுட்டர் 192.168.0.66 என்ற முகவரியில் இருக்கும் கணினியிடம் டிஎஃப்டிபி (எளிய கோப்புப் பரிமாற்ற முறை) வழியாக ஒரு கோப்பைக் கேட்கும். மடிக்கணினிக்கு அந்த முகவரியைக் கொடுத்து, ஓப்பன்டபிள்யுஆர்டி (ரவுட்டர்களுக்கான இலவச மாற்று ஃபர்ம்வேர்) கோப்புக்கு அது எதிர்பார்க்கும் பெயரையே வைத்தேன். மூன்று முறை முயன்றும் ஒன்றும் நடக்கவில்லை. ஊசி வளைந்ததால் ஆணிக்கு மாறியதுதான் மிச்சம்!

காரணம் அற்பமானது. நேரடிக் கேபிளில் மடிக்கணினியின் இணைப்பு எழுவதற்குள் ரவுட்டர் கேட்டு ஓய்ந்துவிடுகிறது. நடுவில் ஒரு சாதாரண நெட்வொர்க் சுவிட்சை (கேபிள்களை இணைக்கும் பெட்டி) செருகினேன்; மடிக்கணினியின் இணைப்பு அறுபடாமல் நின்றது. கோப்பு சட்டென்று ஏறியது.

அப்புறம் வைஃபை பெயரையே காணோம். மறுபடியும் செத்துவிட்டதோ என்று பதறினேன். ஓப்பன்டபிள்யுஆர்டியில் வைஃபை முதலில் அணைந்துதான் இருக்குமாம். கேபிள் வழியே நுழைந்து, கடவுச்சொல் வைத்து, இயக்கினேன். இப்போது மாடி அறைக்கு அதுதான் சிக்னல் தருகிறது.