குடியம் குகைக்கு ஒருநாள் நடை

முதலில் ஆட்டோ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில், ஆதிமனிதர் குகை இருக்கும் குடியம் ஊருக்குப் போய்வர 1,800 ரூபாய் கேட்டார் ஒருவர். சென்ட்ரலில் இருந்து அதுவரை மின்சார ரயிலில் வந்த செலவு டீக்காசுதான்! பேசிப் பேசி 1,400க்குக் கொண்டுவந்தோம். பூண்டி தாண்டியதும், "ரோடு சரியில்ல சார், மேல ஒரு எரநூறு போட்டுக் குடுங்க" என்று ஆரம்பித்தார். அநியாயம். நாலு பேர் சேர்ந்தால் சென்னையிலிருந்தே வண்டி எடுத்துவிடுங்கள், சுமார் 60 கிலோமீட்டர்தான்.

ஊரிலிருந்து குகைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடை. முள்ளுக்காடு, நிழலே கிடையாது, காலடியில் கூழாங்கல் உருண்டுகொண்டே இருக்கும். கிளைப்பாதைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போனோம். அவருக்குக் கொடுத்த 300 ரூபாய்தான் அன்றைக்கு மனசாரச் செய்த செலவு. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும், வழியில் கடை எதுவும் இல்லை.

அப்புறம் குகை வந்தது. அடேயப்பா! அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டோம். தலைக்கு மேலே கவிந்து நிற்கும் பாறை முழுக்க, கடலைமிட்டாயில் கடலை பதிந்திருப்பதுபோல உருண்டைக் கற்கள். தண்ணீர் உருட்டிவந்து சேர்த்த குவார்ட்சைட் என்ற கடினமான கற்கள் மணலோடு இறுகிப் பாறையானவை அவை. சில கற்கள் விழுந்துவிட்டதால், அவை இருந்த இடத்தில் வழவழப்பான குழி மட்டும் இருக்கிறது. விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே சில்லென்று இருந்தது.

இந்த வகைக் கல்லை உடைத்துத்தான் ஆதிமனிதர்கள் கைக்கோடரி செய்தார்கள். 1863இல் பல்லாவரத்தில் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கல்லாயுதத்தைக் கண்டெடுத்த ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு இந்தக் குகைக்குப் பக்கத்தில் இருக்கும் அத்திரம்பாக்கத்துக்கும் வந்துவிட்டார். அங்கே கிடைத்த கோடரிகளின் வயது 15 லட்சம் ஆண்டு வரை போகும் என்று 2011இல் அறிவித்தார்கள். 1960களில் இந்தக் குகையிலும் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் பெயிண்டால் பெயர் எழுதி, பக்கத்தில் ஹார்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். பாட்டிலும் உடைந்து கிடக்கிறது. வயிறு எரிகிறது. இதைச் செய்கிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள்.

கூரையில் பெரிய பெரிய தேன்கூடுகள் உண்டு. கத்தக் கூடாது, புகை கூடாது, சென்ட் போட்டுக்கொண்டு வரவும் கூடாது. கூட வந்தவர் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

திரும்பும்போது பூண்டி ஏரிக்கரையில் வறுத்த மீன். ஜிலேபிக் கெண்டை, மிளகாய்த்தூள் தூக்கல், சட்டியிலிருந்து நேரே இலைக்கு. விலையும் நியாயம். இன்னொரு தட்டு வாங்கினோம். பூண்டியிலேயே தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது, சின்னதுதான். நேரம் இருந்தால் குகைக்குப் போகும் முன்பே அதைப் பாருங்கள். கைக்கோடரியின் விளிம்பை எப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போனால், காட்டுப்பாதையில் ஒரு கல்லையும் சும்மா தாண்டிப் போக மாட்டீர்கள். எடுத்துப் பாருங்கள், ஆனால் பையில் போடாமல் அங்கேயே வைத்துவிடுங்கள்.