இல்லத்தில் இடம் கேட்டு வந்த தாயும் ஒரு பழைய இடாப்பும்

"என்ட ரெண்டு பிள்ளைகளையும் உங்கட இல்லத்தில சேர்க்க ஏலுமா அக்கா?" என்று கேட்டுத்தான் அந்தத் தங்கச்சி எங்கள் கிறிஸ்தவ சபைக்கு வந்தார். 2024 மாசி மாதம். வாகரைப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம், மட்டக்களப்பு நகரிலிருந்து 60 கிலோமீற்றருக்கு மேல். கணவர் கொழும்புக்கு வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. கருவாடு காயவைக்கும் வேலை கிடைத்த நாளில்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

எங்களிடம் சிறுவர் இல்லம் எதுவும் இல்லை. கஷ்டப்படும் குடும்பங்களுக்கு உதவும் பத்துப் பேர் கொண்ட குழு, அவ்வளவுதான். பிள்ளைகளை இல்லத்தில் சேர்ப்பதும் சபை முடிவெடுக்கிற காரியம் இல்லை, நன்னடத்தை உத்தியோகத்தர் வழியாகப் போக வேண்டியது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்தோம். தாய் இருக்கிறார், அம்மம்மா இருக்கிறார், பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறார்கள், வறுமைக்காக ஏன் பிரிக்க வேண்டும் என்று அவர் கேட்டார். எனக்கும் அதே எண்ணம்தான்.

வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசும பணம் ஏன் வரவில்லை என்று விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்குத் திறக்க அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். 34 வயதை நெருங்கும் அந்தப் பெண்ணிடம் இரண்டுமே இல்லை.

1990 ஆனியில் கிழக்கில் சண்டை மறுபடி தொடங்கியது. சனம் ஊரை விட்டு ஓடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், உறவுக்காரர் வீட்டுக் கொட்டிலில் பிறந்தவர் இவர். மூன்று மாதத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். யார் போய்ப் பதிவது? அப்போது அடையாள அட்டை எடுக்கும் வயதாயிருந்த 16 வந்தது 2006இல், வாகரையில் மறுபடி சண்டை. அந்த வருடமும் முகாமில் போனது.

சரி, காலங்கடந்த பிறப்புப் பதிவு செய்வோம் என்று இறங்கினோம். இதில் இறங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: முதலில் தேடுதல் விண்ணப்பத்தைப் போடுங்கள். அந்தப் பெயரில் பதிவு இல்லை என்று எழுத்தில் வராமல் மற்ற எதுவும் நகராது. அது தெரியாமல் நாங்கள் முதல் இரண்டு மாதத்தை ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதம், சத்தியக்கடதாசி என்று வீணாக்கினோம். அப்புறம் தகப்பனின் பெயர் மூன்று கடதாசியில் மூன்று விதமாக இருந்தது. ஓர் அலுவலகத்தில் அதைக் காட்டி, அந்தத் தங்கச்சியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினார்கள். வரும் வழியெல்லாம் அவர் பஸ் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பிறந்த திகதிக்கு ஆதாரம் கேட்டார்கள். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள் என்றால் ஞானஸ்நானப் பதிவைக் காட்டலாம். இவர்கள் சைவக் குடும்பம். சாதகம் எழுதவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்து இடாப்புகள், அதாவது பதிவேடுகள், சுனாமியோடு போய்விட்டன. அம்மம்மாவிடம் கேட்டால், "மாமாங்கத் தீர்த்தம் முடிஞ்சு நாலஞ்சு நாள் மகள், எனக்கு நல்லா நினைவிருக்கு" என்றார். மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயிலில் ஆடி அமாவாசைக்கு நடக்கும் தீர்த்தத்தைத்தான் சொன்னார். அதை எந்த அதிகாரி எடுப்பார்? பேச்சுவாக்கில்தான் இன்னொன்றும் சொன்னார். பிள்ளைக்கு ஐந்து வயதில் வாழைச்சேனையில் சின்னம்மா வீட்டில் கொஞ்சக் காலம் இருந்தார்களாம். பிள்ளை அங்கேதான் முதலாம் ஆண்டு படித்ததாம்.

அடுத்த கிழமையே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அதிபர் அலுமாரியைத் திறந்து, செல்லரித்த ஓரங்களோடு 1996ஆம் ஆண்டுச் சேர்வு இடாப்பை எடுத்தார். ஒவ்வொரு பக்கமாக விரலால் தடவிக்கொண்டே வந்தார். நீல மையில், சரிவான கையெழுத்தில் அவருடைய பெயர். தகப்பன் தொழில்: மீன்பிடி. பிறந்தது 1990 ஜூலைக் கடைசிக் கிழமை. பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அந்த வருட ஆடி அமாவாசை அதற்குச் சற்று முன்னால்! அம்மம்மாவின் நினைவு ஒரு கிழமைகூடப் பிசகவில்லை. தங்கச்சி இடாப்பில் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தார். அதற்கு முன்பு அவருடைய பெயரை ஓர் அரசாங்கப் புத்தகத்தில் அவர் கண்டதே இல்லை.

இடையில் ஒரு நாள் அம்மம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "இதெல்லாம் செய்யிறீங்க, நாங்க வேதத்துக்கு மாற வேணுமா மகள்?" என்று கேட்டார். வேண்டாம் அம்மா, உங்கள் பிள்ளைகள் உங்களோடு இருந்தால் போதும் என்றேன். அந்தக் கேள்வியைக் கேட்க அவர் எத்தனை நாள் தயங்கியிருப்பார் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. எங்களுக்கு முன்னால் அந்த ஊருக்குப் போன யாராவது அரிசிப் பையோடு நிபந்தனையும் வைத்திருக்கலாம். உதவி கேட்டு வருகிறவருக்கு அந்தப் பயம் இருக்கவே கூடாது. முதல் நாளே நாங்களாகச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறோம்.

பதிவு முடிய ஐப்பசி ஆனது, அடையாள அட்டை 2025 தையில் வந்தது. மொத்தம் 11 பயணம். சபை கொடுத்த காசில் பெரும்பகுதி பஸ்ஸுக்கும் போட்டோக் கொப்பிக்கும்தான் போனது. உலர் உணவுப் பொதி கொடுப்பதைப் படம் எடுக்கலாம், அலுவலக வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பதை எடுக்க முடியாது. ஆனாலும் அந்தக் காத்திருப்புக்குத்தான் எங்களிடம் ஆட்கள் குறைவு.

வங்கிக் கணக்குத் திறந்தாயிற்று. அஸ்வெசும விண்ணப்பம் போட்டிருக்கிறோம், முடிவு வரும்வரை மாதப் பொதி தொடர்கிறது. பிள்ளைகள் அம்மம்மாவோடுதான் இருக்கிறார்கள். அதே ஊரில் பதிவில்லாத இன்னும் இரண்டு பெண்கள் வந்து பேசினார்கள். ஒருவரிடம் சாதகம் இருக்கிறது. வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அவரோடு தேடுதல் விண்ணப்பம் கொடுக்கப் போகிறேன்.