செத்த சர்வரை விட அரைகுறையாய்ச் சாகிற சர்வர்தான் தொல்லை

பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு குற்றாலத்து லாட்ஜுக்கு ரூம் புக்கிங், தென்காசிப் பள்ளிக்கு ஃபீஸ் கட்டுகிற பக்கம், அல்வாக் கடைக்கு ஆன்லைன் ஆர்டர் என்று ஓட்டிக் கொடுக்கிற சின்ன ஆபீஸ்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. ‘ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்’ என்று இரண்டு சர்வர் வாங்கி, ஒன்றுக்கு ஒன்று துணையாய் நிற்கிற கிளஸ்டர் போட்டுவிடுவார்கள். இரண்டாவது சர்வர் வாங்குவது இதில் ஆகச் சின்ன வேலை. முதல் சர்வர் செத்துவிட்டது என்று யார், எத்தனை நொடியில், எதை வைத்து முடிவு செய்வது என்பதுதான் பெரிய வேலை.

சர்வர் இரண்டு விதமாய்ச் சாகும். புரோகிராம் மட்டும் விழுந்து லினக்ஸ் உயிரோடு இருந்தால், புதிதாய் வருகிற ஒவ்வொரு இணைப்புக்கும் ‘இங்கே ஆள் இல்லை’ என்று லினக்ஸின் உள்மையமான கெர்னலே அந்தக் கணமே பதில் சொல்லிவிடும். முன்னால் நின்று வேலையைப் பங்கு பிரிக்கிற லோடு பேலன்சர் அடுத்த சர்வருக்குப் போய்விடும். பவர் கார்டு பிடுங்கப்பட்டாலோ போர்டு எரிந்தாலோ பதில் சொல்ல ஆளே கிடையாது. அனுப்பிய பாக்கெட் கிணற்றில் போட்ட கல்தான். லாட்ஜ்காரர் போனில் ‘அண்ணாச்சி, சைட்டுல எர்ரர் காட்டுது’ என்றால் பெரும்பாலும் முதல் வகை. ‘சுத்திக்கிட்டே இருக்கு’ என்றால் இரண்டாவது வகையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சுற்றிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் உண்டு. அனுப்பிய டேட்டாவுக்கு ரசீது வராவிட்டால் லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, ஏறக்குறைய 15 நிமிடம் கழித்துத்தான் கைவிடும். இதை விட மோசம், கேள்வி போய்ச் சேர்ந்து, ரசீதும் வந்து, பதிலுக்கு மட்டும் காத்திருக்கிற டேட்டாபேஸ் இணைப்பு. அங்கே திரும்ப அனுப்ப ஒன்றுமே இல்லை. சும்மா கிடக்கிற இணைப்பைத் தட்டிப் பார்க்கிற டிசிபி கீப்அலைவ் போட்டிருந்தாலும் அதன் இயல்பு அளவு 7200 நொடி. இரண்டு மணி நேரம் சும்மா இருந்த பிறகுதான் எதிராளி இருக்கிறானா என்றே விசாரிக்கும். டேட்டாபேஸ் சில நொடியில் அடுத்த மிஷினுக்கு மாறியிருக்கும், அப்ளிகேஷனோ பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருக்கும். கீப்அலைவ் தொடங்கும் நேரத்தை 20 நொடி, இடைவெளியை 5 நொடி, முயற்சியை 3 என்று இறக்கி வையுங்கள். ரசீது வராத டேட்டாவுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்கிற டிசிபி யூசர் டைம்அவுட்டை 15 நொடியில் வையுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் இணைப்புச் சரத்திலேயே இத்தனையும் எழுதலாம். ஒன்று விழுந்து மற்றது வேலையை எடுக்கிற ஃபெயில்ஓவர் பற்றிய கையேடுகள் பலவும் இந்த இடத்தைத் தொடாமலே போய்விடுகின்றன.

முன்னால் நிற்கிற லோடு பேலன்சர் ஜோடிக்கு, வேலையைப் பிரிக்க ஹெச்ஏபிராக்ஸியும், ஐபியைக் காக்கக் கீப்அலைவ்டியும் போதும் (இது மேலே சொன்ன கீப்அலைவ் அல்ல, தனி புரோகிராம்). இரண்டு மிஷினுக்கும் பொதுவாய், அங்கேயும் இங்கேயும் நகரக்கூடிய ஒரு மிதக்கும் ஐபி. அந்த ஐபியை வைத்திருக்கிற மாஸ்டர் நொடிக்கு ஒரு முறை ‘இருக்கிறேன்’ என்று விஆர்ஆர்பி அறிவிப்பு விடும். மூன்று அறிவிப்பு தவறி, அதற்கு மேல் ஒரு சின்ன இடைவெளியும் கழிந்தால், காத்திருக்கிற ஸ்டாண்ட்பை ஐபியை எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளி, 256-இல் ஸ்டாண்ட்பையின் பிரையாரிட்டியை (முன்னுரிமை எண்) கழித்து 256-ஆல் வகுத்தது. பிரையாரிட்டி 100 என்றால் மொத்தம் 3.6 நொடி.

இதில் வழக்கமாய்ச் சிக்குகிற இடங்கள் சில. விஆர்ஆர்பி ஓடுவது டிசிபியிலும் இல்லை, யுடிபியிலும் இல்லை. அது தனி புரோட்டோகால், எண் 112. ஃபயர்வாலில் 80, 443 மட்டும் திறந்துவிட்டு இதை மறந்தால் இரண்டு சர்வருமே தன்னை மாஸ்டர் என்று நினைத்துக்கொள்ளும். ஒரே ஐபி இரண்டு மிஷினில் ஏறிவிடும். பக்கம் ஒரு தடவை திறக்கும், ஒரு தடவை திறக்காது. ஜோடியை அடையாளம் காட்டுகிற ரவுட்டர் ஐடிக்கு எல்லாரும் மாதிரி கான்ஃபிகிலிருந்து 51-ஐ அப்படியே எடுத்து ஒட்டுவார்கள். ஒரே விலானில் (ஒரே உள் நெட்வொர்க்கில்) இரண்டு ஜோடி இருந்தால் அந்த 51-ம் இந்த 51-ம் மோதும். இந்த அறிவிப்பைப் பலருக்கும் ஒரே வீச்சில் அனுப்புகிற மல்டிகாஸ்ட் கிளவுடில் பெரும்பாலும் போகாது. அங்கே யூனிகாஸ்டில் எதிராளியின் ஐபியைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும், மிதக்கும் ஐபியையும் கிளவுட் கம்பெனியின் ஏபிஐ வழியாகத்தான் நகர்த்த முடியும்.

கீப்அலைவ்டி தானாய்ப் பார்ப்பது மிஷினைத்தான். ஹெச்ஏபிராக்ஸி செத்து மிஷின் உயிரோடு இருந்தால் அதற்குக் கவலையே இல்லை. அதற்காக ஒரு சோதனை ஸ்கிரிப்ட் வைத்து, தோற்றால் பிரையாரிட்டியில் இத்தனை குறை என்று எழுதுவார்கள். மாஸ்டர் 150, ஸ்டாண்ட்பை 100, குறைப்பு 20 என்று இருக்கும் கான்ஃபிக் எத்தனையோ இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. 150-இல் 20 போனால் 130. அது 100-ஐ விடப் பெரிது, ஆகவே ஃபெயில்ஓவர் நடக்கவே நடக்காது. 101, 100, குறைப்பு 20 என்று வைத்தால் வேலை முடிந்தது.

பின்னால் இருக்கிற சர்வர்களை ஹெச்ஏபிராக்ஸி சோதிக்கிற ஹெல்த் செக் இயல்பாய் 2 நொடிக்கு ஒரு முறை; மூன்று தோல்வியில் ‘டவுன்’, இரண்டு வெற்றியில் ‘அப்’. போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. டிஸ்கில் கோளாறு வந்தால் ஃபைல் சிஸ்டம் ‘படிக்க மட்டும்’ என்று பூட்டிக்கொள்ளும்படி பல சர்வர்களில் அமைத்திருப்பார்கள். அப்போதும் முகப்புப் பக்கம் ஜம்மென்று 200 (‘எல்லாம் சரி’) சொல்லும், ஆனால் ஒரு புக்கிங் கூடப் பதிவாகாது. ஆகவே ஹெல்த் செக்குக்குத் தனிப் பக்கம் வைத்து, அது ஒரு சின்ன ஃபைலை எழுதிப் பார்க்கட்டும், ஒரு நொடிக்குள் பதில் சொல்லட்டும்.

அந்தப் பக்கம் டேட்டாபேஸையும் விசாரிக்க வேண்டுமா? வேண்டாம் என்பது என் கட்சி. டேட்டாபேஸ் மாறுகிற நேரத்தில் எல்லா வெப் சர்வரும் ஒரே நேரத்தில் தோற்கும். லோடு பேலன்சர் எல்லாவற்றையும் கழித்துக் கட்டிவிட்டு, டேட்டாபேஸ் தேவைப்படாத பக்கத்துக்கும் 503 (‘சேவை இல்லை’) காட்டும். டேட்டாபேஸ் சோதனை, உங்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிற கண்காணிப்பில் இருக்கட்டும்.

இனி டேட்டாபேஸ். இரண்டு சர்வருக்கு நடுவே இருக்கிற வயர் மட்டும் அறுந்தால், இரண்டும் உயிரோடு இருக்கும், இரண்டும் மற்றது செத்துவிட்டது என்று நம்பும், இரண்டும் புக்கிங் வாங்கும். ஒரே கடைக்கு இரண்டு பற்று வரவு நோட்டு எழுதின கதை. சாயங்காலம் உட்கார்ந்து ஒன்றாய்ச் சேர்க்கவே முடியாது.

நம்ம ஊரில் இதற்கு வயர் அறுபடக்கூட வேண்டாம். ஆடிக் காற்றில் கரண்ட் ஒரு தடவை கண் சிமிட்டினால் போதும். சர்வர் இரண்டும் யுபிஎஸ்ஸில் இருக்கும். நடுவில் இருக்கிற ஸ்விட்ச் சுவரில் இருக்கிற சாதாரண பிளக்கில் இருக்கும். ஒரு நொடி கரண்ட் போனாலும் ஸ்விட்ச் முதலிலிருந்து பூட் ஆகும். எழுந்த பிறகும், நெட்வொர்க்கில் சுற்று விழாமல் தடுக்கிற பழைய ஸ்பேனிங் ட்ரீ ஓடினால் ஒவ்வொரு போர்ட்டும் 15 நொடி கேட்டு, 15 நொடி கற்று, அதன் பிறகுதான் டேட்டாவை விடும். கிளஸ்டர் சில நொடியில் முடிவெடுக்கிறது, ஸ்விட்ச் நிமிடக் கணக்கில் எழுகிறது. ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். சர்வர் போகிற போர்ட்டில், அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கிற போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள். முடிந்தால் இரண்டு சர்வருக்கும் நடுவே நேராய் ஒரு கேபிள் இழுத்து இரண்டாவது பாதையாய்க் கொடுங்கள்.

யார் தொடர்வது என்பதை ஓட்டுப் போட்டு முடிவு செய்வதுதான் இதற்கு வழி. ஆனால் இரண்டே இரண்டு பேர் இருக்கிற இடத்தில் பெரும்பான்மை என்ற பேச்சே இல்லை. பாதிக்கு மேல் ஒரு ஓட்டு வேண்டும்: மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று. நான்கு வைத்தாலும் மூன்று வேண்டும் என்பதால் நான்காவது சர்வரால் லாபமில்லை. மூன்றாவது பெரிய சர்வர் வாங்கக் காசு இல்லையென்றால் ஓட்டுப் போட மட்டும் ஒரு சாட்சி வைக்கலாம். கிளஸ்டர் மென்பொருளான கொரோசிங்கில் அதன் பெயர் கியூடிவைஸ், டேட்டாபேஸ் கிளஸ்டரான கலேராவில் ஆர்பிட்ரேட்டர். சென்னையிலோ மும்பையிலோ ஒரு சின்ன விஎம் (விர்ச்சுவல் மிஷின்) இதற்குத் தாராளம். ஆனால் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். கியூடிவைஸ் தூரத்தைத் தாங்கும். கலேராவின் ஆர்பிட்ரேட்டர் டேட்டாவைச் சேமிக்காவிட்டாலும் சர்வர்களுக்கு நடுவே காப்பி போகிற ரெப்ளிகேஷன் டிராஃபிக் முழுவதும் அதற்கும் போகும். லைன் மெதுவென்றால், பதிவை உறுதி செய்கிற ஒவ்வொரு கமிட்டும் அந்தத் தூரத்துக்குக் காத்திருக்கும்.

ஓட்டில் ஜெயித்த பக்கம், தோற்ற சர்வர் உண்மையாகவே நின்றுவிட்டதா என்று உறுதி செய்யாமல் வேலையை எடுக்கக்கூடாது. அதற்குத்தான் ஃபென்சிங்: சர்வருக்குள் தனியாய் இருக்கிற ஐபிஎம்ஐ என்ற கட்டுப்பாட்டுச் சிப் வழியாக அதன் பவரையே ஆஃப் செய்வது. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஐபிஎம்ஐ சிப்புக்குக் கரண்ட் வருவதும் அதே சர்வரின் பவர் சப்ளையிலிருந்துதான். பவர் கார்டு கழன்றால் சிப்பும் செத்துவிடும். ‘ஆஃப் செய்’ என்றால் பதில் வராது. கிளஸ்டரை நடத்துகிற பேஸ்மேக்கர் உறுதி கிடைக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அது நிற்பது சரிதான். உடனே சிலர் எரிச்சலில் ஸ்டோனித்தையே, அதாவது ஃபென்சிங்கையே, அணைத்துவிடுவார்கள். அது நோட்டு இரண்டாகிற வழி. அடுத்த படியாக, ஒவ்வொரு அவுட்லெட்டையும் தனியாய் அணைக்கக்கூடிய பிடியு (பவர் பட்டை) ஒன்றைச் சேர்க்க வேண்டும். அல்லது பெரும்பான்மையை இழந்த சர்வர் தானே ரீபூட் ஆகும்படி ஹார்டுவேர் வாட்ச்டாகோடு (பதில் வராவிட்டால் மிஷினை ரீசெட் செய்கிற கடிகாரம்) எஸ்பிடி என்ற புரோகிராமைப் போட வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் ஆட்கள், தலைமையைத் தானாய் மாற்றுகிற பேட்ரோனி, யார் தலைவர் என்ற சாவியை வைத்திருக்கிற இடிசிடி பக்கம் போவார்கள். நல்ல தேர்வு. தலைமைச் சாவியின் ஆயுள் இயல்பாய் 30 நொடி, ஆகவே மாறுவதற்கு அரை நிமிடம் ஆகும் என்று எதிர்பார்த்தே அப்ளிகேஷனை எழுதுங்கள். பிரைமரி (தலைமைச் சர்வர்) ஒவ்வொரு கமிட்டிலும் காத்திருந்து பதில் வாங்குகிற சிங்க்ரனஸ் ஸ்டாண்ட்பையாக ஒரே ஒரு சர்வரைப் பெயர் சொல்லிக் கையால் எழுதி வைத்தால், அது செத்ததும் பிரைமரியின் கமிட் எல்லாம் தொங்கும். பாதுகாப்புக்கு வைத்த சர்வரே கடையை அடைத்துவிடும். ஸ்டாண்ட்பை இரண்டு வைத்து ‘இவற்றில் ஏதாவது ஒன்று’ என்று எழுதுவதே சரி. அப்படிக் காத்திருக்காத அசிங்க்ரனஸ் என்றால் கடைசிச் சில பதிவுகள் போகலாம். ஃபீஸ் கட்டுகிற பக்கத்தில் இது, பணம் போய்விட்டது, ரசீது இல்லை என்று வந்து நிற்கும். பேமெண்ட் கேட்வேயிடம் ஆர்டர் எண்ணை வைத்து நிலவரம் கேட்டுச் சரிபார்க்கிற ஒரு வேலை எப்போதும் ஓடட்டும். ஒரே ஆர்டர் எண் இரண்டு தடவை வந்தாலும் ஒரு ரசீதுதான் போட வேண்டும்.

கலேரா ஓட்டுகிறவர்களுக்கு, மூன்று சர்வரும் ஒரே நேரத்தில் நின்றுபோன நாளுக்கான குறிப்பு. எதை முதலில் ஏற்றுவது என்பது டேட்டா டைரக்டரியில் இருக்கிற கிராஸ்டேட் ஃபைலில் இருக்கும். முறையாய் நிறுத்தியிருந்தால் கடைசியாய் நின்ற சர்வரில் ‘சேஃப் டு பூட்ஸ்டிராப்’ 1 என்றிருக்கும். கரண்ட் போய் விழுந்திருந்தால் எல்லாவற்றிலும் 0-வும், வரிசை எண் -1-ம் இருக்கும். ஒவ்வொன்றிலும் ரெக்கவர் கட்டளை ஓட்டி, எண் பெரிதாய் இருக்கிறதை முதலில் ஏற்றுங்கள். அவசரத்தில் கைக்கு வந்ததை ஏற்றினால் மற்ற இரண்டும் அதைப் பார்த்துத் தங்கள் புதிய டேட்டாவைத் துடைத்துக்கொள்ளும்.

சில்லறை விஷயங்கள்: லாகின் செஷன் லோக்கல் டிஸ்கில் இருந்தால் மாறியதும் எல்லாரும் வெளியே, இரண்டுக்கும் பொதுவான ரெடிஸிலோ டேட்டாபேஸிலோ வையுங்கள். அப்லோடு ஆகிற படங்களும் அப்படித்தான். நேரம் வைத்துத் தானாய் ஓடுகிற கிரான் வேலை இரண்டு சர்வரிலும் ஓடினால் பெற்றோருக்கு ஃபீஸ் எஸ்எம்எஸ் இரண்டு போகும். இலவச சர்டிஃபிகேட் தருகிற லெட்ஸ் என்கிரிப்டின் சரிபார்ப்பு மிதக்கும் ஐபி இருக்கிற சர்வருக்குத்தான் வரும் என்பதால், ஸ்டாண்ட்பையில் சர்டிஃபிகேட் புதுப்பிக்கப்படாமல் காலாவதி ஆகி, மாறுகிற அன்றைக்குத்தான் தெரியும். ஒன்றில் புதுப்பித்து மற்றதற்குக் காப்பி செய்யுங்கள்.

இரண்டு சர்வரும் 70 சதவீத லோடில் ஓடினால் ஒன்று விழும்போது மற்றதற்கு 140. சாரல் சீசன் சனிக்கிழமை உச்சத்தில் ஒவ்வொன்றும் 50-க்குக் கீழே இருந்தால்தான் அது கிளஸ்டர். மூன்று சர்வர் என்றால் 66.

ஒரே ரேக்கில் இருக்கிற இரண்டு சர்வரால் எதைத் தாங்க முடியாது என்பதை 2023 டிசம்பர் 17, 18 காட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி சந்திப்பு, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் வரை ஏறியது. தரைத்தளத்து ஜெனரேட்டர் நனைந்தால் மாடியில் இருக்கிற கிளஸ்டருக்கு யுபிஎஸ் பேட்டரி இருக்கிற வரைதான் ஆயுள். இரண்டு கம்பெனியிடம் லைன் வாங்கியிருந்தாலும், இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் வந்தால் அது ஒரு லைன்தான்; கேபிள் எந்தப் பக்கம் போகிறது என்று தெருவில் நின்று பாருங்கள். வெளியூரில் ஒரு அசிங்க்ரனஸ் காப்பி வேண்டும். சைட்டின் ஐபியை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்கிற டிஎன்எஸ் டிடிஎல்லை இப்போதே 300 நொடிக்கோ 60 நொடிக்கோ இறக்கி வைக்க வேண்டும்; வெள்ளம் வந்த பிறகு இறக்கினால் பழைய அளவு முடிகிற வரை பயனில்லை. வெளியூருக்கு மாற்றுகிற முடிவை மட்டும் மிஷினிடம் விடாதீர்கள். லைன் போனதா, ஊரே போனதா என்று அதற்குத் தெரியாது. ஒரு ஆள் போன் போட்டு விசாரித்து மாற்றட்டும்.

சோதனையை ரீபூட் கட்டளையில் செய்யாதீர்கள். அது எல்லா இணைப்பையும் நாகரிகமாய் மூடிவிட்டுத்தான் போகும். பவர் கார்டைப் பிடுங்குங்கள். பிறகு நெட்வொர்க் கேபிளை மட்டும். பிறகு ஃபயர்வாலில் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கவிட்டு. பிறகு டிஸ்கை நிரப்பி. ஒவ்வொன்றுக்கும் வேறு ஒரு இடத்திலிருந்து நொடிக்கு ஒரு புக்கிங் அனுப்பிக்கொண்டே, எத்தனை நொடி நின்றது, எத்தனை பதிவு காணவில்லை என்று எண்ணுங்கள்.

விழுந்த சர்வர் எழுந்ததும் தானாய்ப் பழைய பதவியை எடுக்கவிடக்கூடாது. பாதி எழுந்து திரும்ப விழுந்தால் ஐபி இங்கேயும் அங்கேயும் ஓடும். கீப்அலைவ்டியில் நோபிரீஎம்ப்ட் (‘பதவியைப் பறிக்காதே’) போடுங்கள். போட்டால், மேலே சொன்ன சோதனை ஸ்கிரிப்ட்டில் குறைப்பு எண்ணை எடுத்துவிடுங்கள்; இல்லையென்றால் மாஸ்டரின் பிரையாரிட்டி குறைந்தாலும் ஸ்டாண்ட்பை ஐபியை எடுக்காது. நோபிரீஎம்ப்ட் வேலை செய்ய இரண்டு சர்வரிலுமே தொடக்க நிலை பேக்கப் என்று இருக்க வேண்டும். பழைய போஸ்ட்கிரெஸ் பிரைமரியை பிஜி ரீவைண்ட் என்ற கருவியை வைத்து ஸ்டாண்ட்பையாகச் சேர்க்கலாம், ஆனால் டேட்டா செக்சம், வால் லாக் ஹிண்ட்ஸ் என்ற இரண்டு அமைப்புகளில் ஒன்று முன்கூட்டியே இயங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் முழு டேட்டாவையும் புதிதாய்க் காப்பி எடுக்க வேண்டியதுதான். 200 ஜிபி என்றால் கிகாபிட் லைனில் அரை மணி நேரம், அதுவரை உங்களிடம் இருப்பது ஒரே சர்வர்.