தே ஓ நிறம்

அக்டோபர் 11, 2025, சனி

மகன் நேற்றிரவு 11 மணிக்கு அழைத்து, சிறுநீர் தே ஓ, அதாவது பாலில்லாத கறுப்புத் தேநீர், நிறத்தில் போவதாகவும், தொடைகள் வீங்கி விடுதிப் படியில் இறங்க முடியவில்லை என்றும் சொன்னான். உடனே அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லிவிட்டு, பட்டர்வொர்த்தில் காலை ரயிலைப் பிடித்துக் கோலாலம்பூர் வந்து சேர்ந்தேன். தசை நார்கள் உடைந்து, அவற்றிலிருந்து கசியும் மயோகுளோபின் என்னும் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று மருத்துவர் விளக்கினார். என்ன செய்தாய் என்று அவர் கேட்டபோது, உடற்பயிற்சி என்று மகன் சுவரைப் பார்த்துச் சொன்னான்.

அக்டோபர் 12, ஞாயிறு

தசை உடைந்தால் இரத்தத்தில் ஏறும் நொதியாம், கிரியேட்டின் கைனேஸ்: 96,000. 200ஐ ஒட்டி இருக்கவேண்டிய அளவு.

அக்டோபர் 13, திங்கள்

அடையாளங்கள் எல்லாம் என் கண்முன்னால்தான் இருந்தன. செப்டம்பரில் தலையை மழித்துக்கொண்டு வந்தவனிடம் காரணம் கேட்டதற்கு வெயில் என்றான், நம்பினேன். ஒரே மாதத்தில் மூன்று முறை ஐம்பது வெள்ளி பணம் கேட்டான்; வீட்டுக்கு வந்த இரண்டு நாளும் சோற்றுக்குக்கூட எழாமல் தூங்கினான்; இங்கேயே செந்தூலில் இருக்கும் அத்தை வீட்டுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை; கைப்பேசி அதிர்ந்தால் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினான். அண்ணன் கூப்பிடுகிறார் என்பான். எந்த அண்ணன் என்று கேட்டால், அண்ணன்தான் அப்பா என்பான். அந்தச் சொல்லைக் கேட்டு நான் மகிழ்ந்தேன் என்பதுதான் இப்போது நெஞ்சை அறுக்கிறது. கூடப்பிறந்தவர் இல்லாத பிள்ளைக்கு, ஊர் விட்டுப் போன இடத்தில் நம் மூத்த மாணவர்கள் துணையிருக்கிறார்கள் என்று கோயிலில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

முந்நூறு தோப்புக்கரணம். என்னிடம் சொல்லவில்லை, தாதியிடம் அவன் சொன்னதைத் திரைக்கு இந்தப்புறம் நின்று கேட்டேன்.

பிள்ளையார் முன்னால் மூன்று போட்டுப் பழகிய நமக்கு அது வதையாகவே தோன்றாது. அடித்தால் தழும்பு இருக்கும். காதைப் பிடித்து உட்கார்ந்து எழுந்ததற்கு உடலின் மேல் எந்தத் தடயமும் இல்லை. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் 1997இல் இறந்தது இப்படித்தான்: மூத்த மாணவர்கள் பகடிவதை என்று கடும் உடற்பயிற்சிகளைச் செய்யவைத்தார்கள், சிறுநீரகம் செயலிழந்தது. மறு ஆண்டே அங்கே பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, என் மகன் மணிக்கு எத்தனை மில்லிலிட்டர் சிறுநீர் கழிக்கிறான் என்று நான் தாளில் குறித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 15, புதன்

கல்லூரியிலிருந்து ஒருவர் பழக்கூடையுடன் வந்தார். அறிமுக விளையாட்டு கொஞ்சம் எல்லை மீறியிருக்கலாம், ஆனால் பெயர் தெரியாமல் விசாரிக்க இயலாது என்றார். பெயர் சொல்பவன் அதே மாடியில் அதே குளியலறையைப் பகிர்ந்துகொண்டு மூன்று ஆண்டுகள் இருக்கவேண்டும் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. முதலாண்டு மாணவர்களைத் தனி மாடியில் தங்கவைத்திருக்கலாமே, இரவு பதினொன்றுக்குமேல் வார்டன் ஒருமுறையாவது நடந்து பார்த்திருக்கலாமே, பெயரை வெளியே விடாமல் புகாரை வாங்கிக்கொள்ள விடுதிக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை வைத்திருக்கலாமே என்று கேட்டேன். குறித்துக்கொண்டார்.

அக்டோபர் 16, வியாழன்

கைனேஸ் 11,000. சிறுநீரின் நிறம் வெளிறிவிட்டது. அவன் இன்னும் பேசவில்லை.

அக்டோபர் 18, சனி

இன்று அவனிடம் குரலை உயர்த்திவிட்டேன், உயர்த்தியிருக்கக் கூடாது. கடந்த ஜூலை 11 முதல் தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கென்றே 507பி முதல் 507ஜி வரை பிரிவுகள் நடப்பில் இருக்கின்றன என்றும், போலீஸ் புகார் கொடுப்பது துரோகமாகாது என்றும் சொன்னேன். அண்ணன்களின் படிப்பு கெட்டுவிடும் அப்பா என்றான்.

இதே கோலாலம்பூரில், 2017இல், தற்காப்புப் பல்கலைக்கழக மாணவர் சுல்ஃபர்ஹானின் உடலில் சக மாணவர்கள் நீராவி இஸ்திரிப் பெட்டியால் 90 இடங்களில் சுட்டார்கள், அவர் இறந்தார். இந்த ஆண்டு பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் ஆறு பேருக்கு 18 ஆண்டுச் சிறை விதித்தது. அந்த ஆறு பேரையும் முதல் சூட்டிலேயே யாராவது தடுத்திருந்தால், அந்தப் பிள்ளையும் பிழைத்திருப்பான், அவர்களும் இன்று வீட்டில் இருந்திருப்பார்கள் என்றேன். போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டான்.

அக்டோபர் 19, ஞாயிறு

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செந்தூலில் அக்கா வீட்டில் இருக்கிறோம்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

அக்கா விடியற்காலையில் அவன் தலையில் நல்லெண்ணெய் வைத்தார். முளைத்து வரும் முடியைத் தடவியபடியே அழுதார், அவனும் அழுதான்.

மாலையில் அவனாகவே கைப்பேசியை என்னிடம் நீட்டினான். வெள்ளிக்கிழமை இரவு, ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பு, மற்ற ஐந்து முதலாண்டு மாணவர்களையும் மீண்டும் வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். மருத்துவமனையில் படுத்துக்கொண்டவனின் பங்கையும் சேர்த்துப் போடுங்கள் என்று குழுவில் செய்தி இருந்தது. மூன்று பெயர்களை அவனே தாளில் எழுதினான். எதற்குப் பின்னும் அண்ணன் என்று எழுதவில்லை. நாளை காலை நானும் அவனும் காவல் நிலையத்துக்குப் போகிறோம். செய்திகளை அழிக்காமல் அக்காவின் கைப்பேசிக்கும் அனுப்பி வைத்திருக்கிறோம்.

பிறகு ஐந்து வீடுகளுக்கும் அழைத்தேன். வாழ்த்துச் சொல்லத்தான் அழைக்கிறேன் என்று நினைத்தார்கள். நான்கு பிள்ளைகள் தொலைபேசியில் பேசினார்கள். வலி இருக்கிறது, நிறம் மாறவில்லை என்றார்கள். இருந்தாலும் நாளைக்கே இரத்தம் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன். ஐந்தாவது வீடு சுங்கைப் பட்டாணி. தம்பி வந்ததிலிருந்து அசதியாகத் தூங்குகிறான், பலகாரம்கூட வாயில் வைக்கவில்லை, எழுப்ப மனம் வரவில்லை என்றார் அந்த அம்மா. எழுப்புங்கள் அம்மா, சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

கேட்டுவிட்டு அழைப்பதாகச் சொன்னார். மணி 10.40. இன்னும் அழைக்கவில்லை.