இரண்டு விரல் சன்ஸ்கிரீன், ஒரு பட்டாணி டிண்ட்

சிங்கப்பூரில் காலையில் வீட்டுப் புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கிற பத்து நிமிடத்தில் மேலுதடு வியர்த்துவிடும். அதன் பிறகு எட்டு மணி நேரம் ஏர்கான். இந்த ஊரில் முகத்தில் எதைப் போட்டாலும் இரண்டையும் தாங்க வேண்டும். ஃபவுண்டேஷன் கலைந்தால் திட்டுத் திட்டாகக் கலையும், மூக்கோரத்தில் கோடு விழும். லேசாக நிறம் கலந்த டிண்டட் மாய்ஸ்சரைசர், சுருக்கமாக டிண்ட், கலைந்தாலும் அவ்வளவாகத் தெரியாது. நிறம் கொஞ்சமாக இருப்பதுதான் அதன் பலமே.

ஆனால் வாங்குகிறவர்களில் பலர் ஒரு கணக்கில் தவறுகிறார்கள். டிண்ட் டப்பாவிலேயே எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) 30 போட்டிருக்கிறதே, சன்ஸ்கிரீன் தனியாக எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். அந்த 30 என்பது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்து வந்த எண். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளவாக்கில் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறைய அந்த அளவு வரும். டிண்ட்டை அவ்வளவு பூசினால் முகமூடி மாட்டியது போல இருக்கும், யாரும் பூசுவதில்லை. ஒரு பட்டாணி அளவு தடவிவிட்டு 30 கிடைத்ததாக நினைப்பது, நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடுகிற ஊரில் சரிப்படாது.

அதனால் சன்ஸ்கிரீன் தனியாகவே போகட்டும், டிண்ட் அதன் மேல் நிறத்துக்கு மட்டும். குறைக்க வேண்டியது அடியில் போடுகிற மாய்ஸ்சரைசரை. எண்ணெய்ச் சருமத்துக்கு மூன்று அடுக்கு என்பது சிங்கப்பூரில் ஓர் அடுக்கு அதிகம். வறண்ட சருமம் என்றால் கன்னத்தில் மட்டும் லேசாகத் தடவிக்கொள்ளலாம்.

அப்படியானால் டிண்ட் வெறும் அழகுக்குத்தானா? இல்லை. அதிலுள்ள பழுப்பு நிறம் இரும்பு ஆக்சைடுகளிலிருந்து வருகிறது. மூலப்பொருள் பட்டியலில் சிஐ 77491, 77492, 77499 என்று இருக்கும்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுப்பவை இவை. நம்மைப் போன்ற மாநிறச் சருமத்தில் மங்கு கறுப்பதற்கு அந்த ஒளியும் ஒரு காரணம், நிறமில்லாத சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகத் தடுக்காது. மங்கு உள்ளவர்கள் மட்டும் கன்ன எலும்பின் மேல் டிண்ட்டை இரண்டாவது முறையும் தொட்டு வைப்பது நல்லது.

இனி ஷேட். மருந்துக்கடை அலமாரியில் கொரிய டப்பாக்களில் 21, 23 என்று ஷேட் எண் இருப்பவை நமக்குப் பெரும்பாலும் வெளுப்பு. பூசினால் சாம்பல் பூத்தது போல இருக்கும். ஷேட் பெயரோடு வரும் சாயல் எழுத்துகளில் டபிள்யூ என்றால் மஞ்சள் கலந்தது, சி என்றால் ரோஜா கலந்தது என்பது பொது வழக்கம். ஆனால் மேக் நிறுவனத்தின் என்சி வரிசை மஞ்சள் சாயல் உள்ளவர்களுக்கானது. எழுத்தை நம்பி இணையத்தில் வாங்கிவிட வேண்டாம்.

மணிக்கட்டில் தடவிப் பார்ப்பதும் வீண், அங்கே நிறம் வேறு. தாடை ஓரத்தில் மூன்று ஷேட்டை மூன்று கோடாக, கழுத்து வரை இறக்கிப் போடுங்கள். முஸ்தபா கடையில் பார்ப்பதென்றால் டியூப் லைட்டுக்கடியில் முடிவு செய்யாமல் சையது ஆல்வி சாலைக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உடனே அல்ல, கால் மணி நேரம் கழித்து. முகத்து எண்ணெயில் கலந்தால் பல டிண்ட்கள் அரை ஷேட் கறுக்கும். தேக்காவில் ஒரு தேநீர் குடித்து வந்தால் சரியாக இருக்கும். மஞ்சள் பூசிக் குளித்த நாளில் இந்த வேலை வேண்டாம், கண் ஏமாறும். நெற்றியும் வாயைச் சுற்றிய இடமும் நம்மில் பலருக்குக் கறுத்தே இருக்கும். அவற்றோடு ஒத்துப்பார்க்காமல் கழுத்தோடு பாருங்கள். வாய் ஓரக் கறுப்பை டிண்ட்டால் மறைக்க முயன்றால் சாம்பல் வளையம்தான் மிஞ்சும். அங்கே கறுப்பை ஈடுகட்டும் ஆரஞ்சு நிறக் கரெக்டரைப் புள்ளியாக வைத்து, அதன் மேல் டிண்ட்.

பூசும் முறைக்கு வருவோம். சன்ஸ்கிரீன் பூசிப் பத்து நிமிடம் விடுங்கள். சேலை மடிப்பு எடுக்கவோ பையை அடுக்கவோ அந்த நேரம் போதும். புறங்கையில் பட்டாணி அளவு டிண்ட் எடுத்து விரல் சூட்டில் இளக்குங்கள். மூக்கின் இரு பக்கம், கன்னம், முகவாய் என்று நடுவிலிருந்து வெளியே போங்கள். தேய்க்காமல் ஒற்றி ஒற்றி. விரலில் மிச்சம் இருப்பதுதான் நெற்றிக்கு, தனியாக எடுக்க வேண்டாம். ஸ்பாஞ்சு பாதியைக் குடித்துவிடும், இதற்கு விரல் போதும். பவுடர் மூக்கோரத்திலும் முகவாயிலும் மட்டும்.

தடவத் தடவ அழுக்கு உருள்வது போல உருண்டு வந்தால் மூன்று காரணங்களில் ஒன்று: அடியில் இருப்பது காயவில்லை, தேய்த்துவிட்டீர்கள், அல்லது இரண்டும் ஒத்துவரவில்லை. டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் அதிகமுள்ள டிண்ட் சில ஜெல் சன்ஸ்கிரீன்களின் மேல் நிற்பதில்லை. புறங்கையில் இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டுக் குழைத்துப் பாருங்கள். தயிர் திரிந்தது போல ஆனால் அந்த ஜோடி வேண்டாம். இது சோதனைக்கு மட்டும்தான், முகத்தில் இரண்டையும் கலந்து பூசாதீர்கள், சன்ஸ்கிரீன் படலம் சீராக விழாது.

தலைக்குத் தேங்காயெண்ணெய் வைப்பவர்கள் முடி ஓரத்தில் ஒரு விரல் அகலம் டிண்ட் இல்லாமல் விடுங்கள். வியர்வையோடு இறங்குகிற எண்ணெய் டிண்ட்டைக் கரைத்து, நெற்றியில் ஓடை ஓடையாகக் கோடு போட்டுவிடும். ஸ்டிக்கர் பொட்டு ஒட்ட வேண்டிய இடத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுத்த பிறகே பொட்டு, இல்லையென்றால் ரயிலேறுவதற்குள் விழுந்துவிடும். ஈரமான டிண்ட்டின் மேல் திருநீறு இட்டால் குழம்பாகிவிடும்.

மதியம் பளபளத்தால் டிஷ்யூவை இரண்டு தாளாகப் பிரித்து, ஒரு தாளை முகத்தில் வைத்து அழுத்தி எடுங்கள். எண்ணெய் வரும், நிறம் பெரும்பாலும் தங்கும். வெயிலில் மீண்டும் போக வேண்டுமென்றால் சன்ஸ்கிரீனை அதன் மேலேயே ஒற்றுங்கள்.

இரவில் ஃபேஸ் வாஷ் மட்டும் போதாது. முதலில் கிளென்சிங் ஆயில், பிறகு ஃபேஸ் வாஷ். ரவிக்கைக் கழுத்தில் கறை பட்டிருந்தால் நனைக்காமல் பாத்திரம் கழுவும் திரவத்தைக் காய்ந்த துணியிலேயே தேய்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். நனைத்த பிறகு தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு சரியாக விடாது, பழுப்பு நிறமும் அதோடு தங்கிவிடும்.